கூட்டாளி என்ற சொல்லின் வரலாறு: வெல்லெஸ்லி முதல் விழிஞ்ஞம் வரை

2025 மே 2 அன்று விழிஞ்ஞம் சர்வதேசத் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்த விழாவில், பிரதமர் நரேந்திர மோடி ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். மேடையில் பேசிய மாநில அமைச்சர் ஒருவர் அதானி குழுமத்தைக் ‘கூட்டாளி’ என்று குறிப்பிட்டிருந்தார். கம்யூனிஸ்ட் அரசின் அமைச்சரே தனியார் முதலாளியைக் கூட்டாளி என்று அழைக்கிறார், மாறிவரும் இந்தியா இதுதான் என்ற பொருளில் பிரதமர் எள்ளி நகையாடினார். ஊடகங்கள் அதை மகிழ்ச்சியோடு பரப்பின. நம் தோழர்களில் பலருக்கு அந்தக் கேலி சுருக்கென்று தைத்தது.

தைக்க வேண்டியதுதான். ஆனால், கேலிக்குக் கேலியால் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது போதாது. ‘கூட்டாளி’ என்ற சொல்லுக்கு இந்தக் கடற்கரையில் இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னரும் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஒருகாலத்தில் ‘கூட்டாளிகளாக’ இருந்தார்கள். அந்தக் கூட்டு எப்படித் தொடங்கியது, எப்படி முடிந்தது என்பதைத் திரும்பிப் பார்த்தால் இன்றைய ஒப்பந்தங்களை வாசிக்கும் கண் நமக்குக் கிடைக்கும். அந்த வரலாற்றின் மையத்தில் நிற்பவர் ஓர் ஐரிஷ்காரர்: 1798 முதல் 1805 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த ரிச்சர்டு வெல்லெஸ்லி.

இன்று நம் காதில் ஓயாமல் ஓதப்படும் இரண்டு பொய்களை அவருடைய வாழ்க்கை உடைத்தெறிகிறது. ‘இந்த மண்ணில் பிறந்த முதலாளி இந்த மண்ணுக்காகவே உழைப்பான், அவனை எதிர்ப்பவன் தேசத்தை எதிர்ப்பவன்’ என்பது முதல் பொய். ‘கூட்டு என்றால் இருவரும் சமம்’ என்பது இரண்டாவது.

அடிமை நாட்டின் ஆண்டை

வெல்லெஸ்லி 1760-இல் அயர்லாந்தில் பிறந்தார். இங்கிலாந்து மிக நீண்ட காலம் நசுக்கி வைத்திருந்த நாடு அயர்லாந்து. பெரும்பான்மையினரான கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றத்தில் இடமில்லை. 1793 வரை வாக்குரிமையும் இல்லை. அவர்களின் முன்னோரிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்திலேயே அவர்கள் குத்தகைதாரர்களாக உழைத்துக் குடியேற்ற நிலப்பிரபுக்களுக்கு வாரம் அளந்தார்கள். உருளைக்கிழங்கே அவர்களின் உணவு.

வெல்லெஸ்லி அந்தக் குத்தகைக்காரரின் குடிசையில் பிறந்தவர் அல்லர். மீத் மாவட்டத்தில் டங்கன் கோட்டையைக் குடும்ப இருப்பிடமாகக் கொண்ட மார்னிங்டன் பிரபுவின் மூத்த மகன். புராட்டஸ்டன்டு நிலவுடைமைச் சிறுபான்மையின் பிள்ளை. தந்தை இறந்ததும் 1781-இல் பிரபு பட்டமும் அயர்லாந்தின் பிரபுக்கள் சபையில் இடமும் பரம்பரையாக வந்து சேர்ந்தன. அந்தச் சபை போதவில்லை. லண்டன் அவரை ஈர்த்தது. 1784 முதல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினரானார். இந்தியா வருவதற்கு முன் அவர் கடைசியாகப் ‘பிரதிநிதித்துவம்’ செய்த தொகுதி ஓல்டு சாரம். குடியிருப்பவர் என்று சொல்ல எவருமே இல்லாத, ஒரு நிலவுடைமையாளரின் சட்டைப்பையில் கிடந்த தொகுதி அது. மக்களே இல்லாத தொகுதியின் மக்கள் பிரதிநிதி, கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டை ஆள அனுப்பப்பட்டார். 1793 முதல் இந்திய விவகாரங்களைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு வாரியத்தில் அமர்ந்து, கம்பெனியின் கணக்குகளையும் சமஸ்தானங்களின் பலவீனங்களையும் ஏற்கெனவே படித்து வைத்திருந்தார்.

இரண்டு நாடுகள், ஒரே மாதம்

1798 மே மாத நடுவில் வெல்லெஸ்லி கல்கத்தாவில் பொறுப்பேற்றார். ஒரு வாரம் கழிந்திருக்கும். மே 23 இரவு அயர்லாந்தில் பெருங்கிளர்ச்சி வெடித்தது. ஐக்கிய ஐரிஷ்காரர்கள் என்ற அமைப்பின் கீழ், பிரெஞ்சுப் புரட்சியால் உந்தப்பட்டு, கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் ஒரே கொடியின் கீழ் திரண்டார்கள். ஈட்டி ஏந்திய விவசாயிகள் பீரங்கிகளின் முன் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அந்தக் கிளர்ச்சியை ஒடுக்கியவர் யார்? திப்பு சுல்தானின் இரு மகன்களைப் பணயமாகப் பிடித்துச் சென்ற அதே காரன்வாலிஸ். முன்னாள் தலைமை ஆளுநர் அயர்லாந்தை அடக்கிக்கொண்டிருந்தார். அயர்லாந்தில் பிறந்த புதிய தலைமை ஆளுநர் இந்தியாவை அடக்கப் புறப்பட்டிருந்தார். ஏகாதிபத்தியத்துக்கு அயர்லாந்தும் இந்தியாவும் ஒரே பண்ணையின் இரண்டு வயல்கள். மேற்பார்வையாளர்களை வயல் மாற்றி அனுப்பினால் போதும்.

மைசூர் முதல் இலக்கு ஆயிற்று. பிரெஞ்சுக்காரர்களுடன் திப்பு தொடர்பு கொண்டிருந்தார் என்பது காரணமாகக் காட்டப்பட்டது. தொடர்பு இருந்தது உண்மை. தன் நாட்டைக் காக்க நினைக்கும் ஓர் அரசன் தன் எதிரியின் எதிரியிடம் உதவி கேட்டது குற்றமாம். ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த கம்பெனி அவன் நாட்டைச் சூழ்ந்தது தற்காப்பாம்! 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கோட்டைச் சுவர் உடைந்தது. திப்பு வாளோடு போரிட்டு மடிந்தார்.

இந்த வெற்றிக்காக வெல்லெஸ்லிக்கு ‘மார்க்வெஸ்’ பட்டம் கிடைத்தது. ஆனால், அது அயர்லாந்துப் பிரபுக்களின் வரிசையில் தரப்பட்ட பட்டம். இங்கிலாந்துப் பிரபுக்களின் வரிசையில் அந்தப் பட்டம் தரப்படாததால் அவர் கொதித்துப் போனார். இரட்டைத் தங்கமுலாம் பூசிய உருளைக்கிழங்கு என்று தன் பட்டத்தையே இகழ்ந்தார். தன் நாட்டு ஏழைகளின் ஒரே உணவு அவருக்கு வசைச்சொல்லாகத்தான் பயன்பட்டது.

துணைப்படை: காவலுக்கு வந்தவன் கணக்கு

வெல்லெஸ்லியை இன்றும் பள்ளி மாணவர்கள் மனப்பாடம் செய்வது ‘துணைப்படைத் திட்டத்தின்’ பெயரால். அது தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாகச் சுருங்கிப்போயிருக்கிறது. அதன் உள் இயக்கத்தை அரசியல் பொருளாதாரக் கண்ணோடு படிக்க வேண்டும்.

திட்டம் எளிமையானது. கம்பெனி உங்களைப் ‘பாதுகாக்கும்’. அதற்காகத் தன் படையை உங்கள் நாட்டில் நிறுத்தும். படைக்கான செலவு உங்களுடையது. உங்கள் சொந்தப் படையைக் குறைத்துவிட வேண்டும். கம்பெனியின் அனுமதி இல்லாமல் வேறு அரசுகளோடு பேசக் கூடாது. வேறு ஐரோப்பியரை வேலைக்கு வைக்கக் கூடாது. உங்கள் தலைநகரில் ரெசிடெண்ட் என்ற பெயரில் கம்பெனியின் ஆள் அமர்ந்திருப்பார்; அவர் சொல்லும் ‘ஆலோசனையை’ நீங்கள் கேட்க வேண்டும். பணம் தவறினால் நிலத்தைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும்.

இதன் சூட்சுமம் கடைசி வரியில் இருக்கிறது. பணம் கட்ட முடியாத அளவுக்குத் தொகையை உயர்த்து. பணம் கட்டத் தவறியதைக் காரணம் காட்டி நிலத்தைப் பிடுங்கு. 1798-இல் ஹைதராபாத் நிஜாம் கையெழுத்திட்டார். 1800-இல் படைச் செலவுக்கு ஈடாக பெல்லாரி, கடப்பை, அனந்தப்பூர் பகுதிகளை எழுதிக் கொடுத்தார். அவத் நவாபிடமிருந்து 1801-இல் ஏறத்தாழப் பாதி நாடு பறிக்கப்பட்டது. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் மைசூரில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அரியணையில் அமர்த்தப்பட்டு, ஆண்டுக்கு ஏழு லட்சம் வராகன் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கப்பட்டது. வளர்ந்து மன்னராக ஆண்டுகொண்டிருந்த அவரிடமிருந்து 1831-இல் ஆட்சி நிர்வாகமே பறிக்கப்பட்டது. எந்தப் பிரிவின் பெயரால்? 1799-இல் எழுதி வைத்த அதே பிரிவின் பெயரால். ஒப்பந்தத்தின் ஒரு வரி முப்பத்திரண்டு ஆண்டுகள் உறையில் கிடந்து, பிறகு வாளாக வெளியே வந்தது.

அடிமையின் கையால் அடிமையின் விலங்குக்குக் கூலி கொடுக்க வைத்ததுதான் வெல்லெஸ்லியின் ‘மேதைமை’. இதை ராஜதந்திரம் என்று புகழும் வரலாற்றாசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியை நிறுவினார், மொழிகளை வளர்த்தார், கங்கைக் கழிமுகத்தில் குழந்தைகளைப் பலியிடுவதைத் தடை செய்தார் என்றெல்லாம் பட்டியல் போடுவார்கள். செய்தார், மறுக்கவில்லை. குழந்தைப் பலியைத் தடுத்தது நல்ல செயலே. ஆனால், கல்லூரி எதற்கு? நாட்டு மொழிகளில் வரி வசூலிக்கவும் தீர்ப்பு எழுதவும் தெரிந்த கம்பெனி அதிகாரிகளை உருவாக்க. மொழிகளைக் கற்கச் சொன்ன அதே மனிதர்தான் 1799-இல் செய்தித்தாள்கள் மீது முன்தணிக்கையைத் திணித்தார். அரசின் செயலர் பார்த்துச் சரி சொல்லாமல் எந்த இதழும் வெளிவரக் கூடாது. மீறும் ஆசிரியர் கப்பலேற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பப்படுவார். மக்கள் பேசுவதைக் கேட்க மொழி வேண்டும்; மக்கள் பேசுவதை அச்சில் ஏற்ற மட்டும் கூடாது.

தமிழ் மண்ணில் நடந்தது

வெல்லெஸ்லியின் ஏழாண்டுகளை நாம் கட்டபொம்மன், மருது சகோதரர்கள் என்ற பெயர்களால் அறிவோம். ஆனால், அந்தத் தூக்குமரங்களையும் கல்கத்தாவில் தீட்டப்பட்ட திட்டத்தையும் சேர்த்துப் பார்க்கத் தவறிவிடுகிறோம். 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அதே மாதத்தில் தஞ்சாவூர் மன்னர் சரபோஜியிடம் ஆட்சி முழுவதையும் எழுதி வாங்கினார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு மிஞ்சியது. 1801 ஜூலையில் ஆற்காட்டு நவாப் இறந்ததும் கர்நாடகம் முழுவதையும் கம்பெனி விழுங்கியது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கடிதங்களில் நவாப் குடும்பம் திப்புவோடு பேசியதற்கான ஆதாரம் இருந்தது என்பது அதற்குச் சொல்லப்பட்ட சாக்கு.

அந்த 1801 ஜூனில்தான் சின்ன மருதுவின் பிரகடனம் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலும் ஒட்டப்பட்டது. சாதி வேறுபாடின்றி எல்லா மக்களையும் அந்நியருக்கு எதிராக எழும்படி அழைத்த அறிக்கை அது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அடுத்த மாதம் ஊமைத்துரையும் தூக்கேறினார். எழுபதுக்கும் மேற்பட்ட போராளிகள் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அதே ஆண்டுகளில் அயர்லாந்துக் கிளர்ச்சியாளர்களை ஏற்றிய கப்பல்கள் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றுகொண்டிருந்தன. தமிழ்ப் போராளியும் ஐரிஷ் போராளியும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே பேரரசின் கப்பல்களில் ஒரே தண்டனையை அனுபவித்தார்கள்.

திருவிதாங்கூரின் ‘நிரந்தர நட்பு’

இப்போது விழிஞ்ஞம் கரைக்கு வருவோம். தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இந்த ஊர் புதிதன்று. ஆய் மன்னர்களின் துறைமுகம். பாண்டியரும் சோழரும் மாறி மாறிப் படையெடுத்த ஊர். கலிங்கத்துப் பரணி பெயர் சொல்லும் ஊர். 1644-இல் ஆங்கிலக் கம்பெனி இங்கே ஒரு பண்டகசாலையைத் திறந்தது. மிளகு வாங்கவே வந்தார்கள். வியாபாரி மெல்ல மெல்லக் காவலனாகி, காவலன் எசமானனான கதை அங்கே தொடங்கியது.

திப்புவின் படையெடுப்புக்கு அஞ்சிய திருவிதாங்கூர் அரசு 1795-இல் கம்பெனியோடு துணைப்படை ஒப்பந்தம் செய்தது. 1799-இல் திப்பு மடிந்தார். அச்சத்துக்குக் காரணமே மறைந்தது. படை போயிற்றா? இல்லை, பெருகியது. 1804-இல் திருவிதாங்கூரின் நாயர் படையினர், தங்கள் படித்தொகை குறைக்கப்படுவதை எதிர்த்துக் கலகம் செய்தார்கள். இதுதான் தருணம் என்று கம்பெனி பாய்ந்தது. 1805 ஜனவரி 12 அன்று புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. ‘நிரந்தர நட்பும் கூட்டணியும்’ என்பது அதன் பெயர். ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் படைச் செலவு. தொகை தவறினால் நாட்டின் நிர்வாகத்தில் கம்பெனி தலையிடலாம். அதன் ஆலோசனைக்கு மன்னர் எப்போதும் செவிசாய்க்க வேண்டும். மைசூரில் எழுதிய அதே எழுத்துகள். பெயர் மட்டும் மாற்றப்பட்டது.

இந்த ஒப்பந்தத்துக்குத் துணை நின்றவர் தளவாய் வேலுத்தம்பி. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தலக்குளத்தில் பிறந்தவர். ரெசிடெண்டாக இருந்த காலின் மெக்காலேயை அவர் நண்பர் என்றே நம்பியிருந்தார். (நமக்கு ஆங்கிலக் கல்வியைத் தந்த தாமஸ் மெக்காலேயின் பெரியப்பன்தான் இந்த மெக்காலே.) கருவூலம் வற்றியது. எட்டு லட்சத்தில் பாக்கி விழுந்தது. மெக்காலே நெருக்கினார், தளவாயைப் பதவியிலிருந்து நீக்கவும் முயன்றார். தான் கைபிடித்து அழைத்து வந்த நண்பன் தன் கழுத்தைப் பிடித்திருக்கிறான் என்பது அப்போதுதான் வேலுத்தம்பிக்குப் புரிந்தது.

1808 டிசம்பரில் கொச்சியில் மெக்காலேயின் இருப்பிடம் தாக்கப்பட்டது. 1809 ஜனவரியில் குண்டறையில் வேலுத்தம்பி மக்களைப் போருக்கு அழைத்தார். பிப்ரவரி 10 அன்று கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் வீழ்ந்தன. மண்ணடியில் வேலுத்தம்பி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவருடைய பிணத்தைத் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் பொதுமக்கள் பார்க்கத் தொங்கவிட்டார்கள். நிரந்தர நட்பு அதோடு முடிந்ததா? இல்லை. சில ஆண்டுகளில் ரெசிடெண்ட் மன்றோ, திவான் பதவியையும் தானே ஏற்றார். ஆலோசனை சொல்பவரும் அதைக் கேட்டு நடப்பவரும் ஒரே ஆளானார்!

வேலுத்தம்பியை நாம் தெய்வமாக்க வேண்டியதில்லை. கொடுந்தண்டனைகளுக்குப் பெயர் போன நிலப்பிரபுத்துவ அதிகாரி அவர். குண்டறை அறிக்கையில் அந்நிய எதிர்ப்போடு சாதி ஒழுங்கு குலையுமே என்ற அச்சமும் கலந்திருந்தது. ஒடுக்கப்பட்ட சாதி மக்களைக் கிளர்ந்தெழச் செய்யும் வலிமை அத்தகைய அழைப்புக்கு இல்லை. இருந்தும் ஒரு பாடம் அவருடைய உயிரை விலையாகக் கொடுத்து நமக்குக் கிடைத்தது. நல்லெண்ணத்தோடு கையெழுத்திட்டாலும், கையெழுத்திட்டவரின் எண்ணத்தை ஒப்பந்தம் பார்ப்பதில்லை. அது தன் பிரிவுகளின்படியே நடக்கும்.

டப்ளினுக்குத் திரும்பிய பிரபு

தொடர்ந்த போர்களால் கம்பெனியின் கடன் ஏறத்தாழ இரு மடங்கானது. வெற்றியை ரசித்த லண்டன் பங்குதாரர்கள் செலவைக் கண்டு அலறினார்கள். 1805-இல் வெல்லெஸ்லி திரும்ப அழைக்கப்பட்டார். அவத்தில் செய்த அத்துமீறல்களுக்காக அவர் மீது நடவடிக்கை எடுக்க நாடாளுமன்றத்தில் முயற்சி நடந்தது, தோற்றது. பின்னர் வெளியுறவு அமைச்சரானார். 1821-இல் பிறந்த நாட்டுக்கே மன்னரின் பிரதிநிதியாகப் போய்ச் சேர்ந்தார்.

இங்கே அவருக்கு நியாயமும் செய்ய வேண்டும். கத்தோலிக்கருக்கு அரசியல் உரிமை வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். அதற்காகவே புராட்டஸ்டன்டு வெறியர்கள் டப்ளின் நாடக அரங்கில் அவரை நோக்கி பாட்டில் வீசினார்கள். ஆனால், வாக்குரிமை வேறு, நிலம் வேறு. குத்தகையையும் தேவாலய வரியையும் எதிர்த்து ஐரிஷ் விவசாயிகள் இரவில் திரண்டபோது அவருடைய ஆட்சி தந்த பதில் என்ன? 1822-இல் கிளர்ச்சித் தடைச் சட்டம். சூரியன் மறைந்த பின் வீட்டுக்கு வெளியே நின்றாலே குற்றம். அதே ஆண்டில் அயர்லாந்துக்கென ஆயுதம் தாங்கிய புதிய காவல்படை சட்டமாக்கப்பட்டது.

அந்தக் காவல்படையைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். குடிமக்களின் நண்பனாக இருப்பதற்காக அன்றி, அடங்காத குடிமக்களைக் கண்காணித்து ஒடுக்குவதற்காக உருவான அமைப்பு அது. 1843-இல் சிந்துவைப் பிடித்த நேப்பியர் அதையே முன்மாதிரியாகக் கொண்டு அங்கே காவல்துறையை அமைத்தார். சிந்துவிலிருந்து அந்த வடிவம் மற்ற மாகாணங்களுக்கும் பரவி, 1861-ஆம் ஆண்டு காவல் சட்டமாக நம் தலையில் இறங்கியது. ஐரிஷ் விவசாயியின் முதுகில் பழகிய தடி, கடல் கடந்து வந்து தமிழ்நாட்டுத் தொழிலாளியின் முதுகிலும் இறங்கியது. விடுதலைக்குப் பின்னும் அந்தத் தடி கீழே வைக்கப்படவில்லை.

பிறந்த இடமா, நிற்கும் இடமா?

வெல்லெஸ்லி தனி ஆள் அல்லர். 1919-இல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தபோது பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்து அதை நியாயப்படுத்திய மைக்கேல் ஓ’ட்வையர், அயர்லாந்தின் டிப்பரரியில் பிறந்தவர். கத்தோலிக்க விவசாயக் குடும்பத்தவர். அடிமைப்பட்ட இனத்தில் பிறந்தும் பேரரசின் சம்பளப் பட்டியலில் தன் இடத்தைத் தேடிக்கொண்டவர்.

ஆனால், அதே மண் வேறு மனிதர்களையும் தந்தது. 1920 ஜூனில் ஜலந்தரில் இருந்த கன்னாட் ரேஞ்சர்ஸ் படைப்பிரிவின் ஐரிஷ் சிப்பாய்கள், தங்கள் நாட்டில் பிரிட்டிஷ் படை நடத்தும் கொடுமைகளைக் கேள்விப்பட்டு ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள். அதற்காக ஜேம்ஸ் டேலி என்ற இளம் சிப்பாய் அதே ஆண்டு நவம்பரில் இந்திய மண்ணில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓ’ட்வையரும் டேலியும் ஒரே நாட்டவர். ஒருவர் ஆட்சியாளரின் நாற்காலியில் இருந்தார். மற்றவர் சிப்பாயின் வரிசையில் நின்றார்.

இன்னொரு பெயர், ஜேம்ஸ் கானொலி. அயர்லாந்தின் முதன்மையான மார்க்சியர். 1916 எழுச்சியில் டப்ளினில் தொழிலாளர் படையோடு களத்தில் நின்று, காயமுற்ற நிலையில் நாற்காலியில் அமர்த்திச் சுடப்பட்டவர். அவர் பிறந்தது அயர்லாந்தில் அன்று. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், ஏழை ஐரிஷ் குடியேறிகளின் சேரியில். அயர்லாந்தில் பிறந்த வெல்லெஸ்லி பேரரசைக் கட்டினார். அயர்லாந்துக்கு வெளியே பிறந்த கானொலி அயர்லாந்தின் உழைப்பாளிகளுக்காக உயிர் கொடுத்தார். தேசம் எது, தேசத்துரோகம் எது என்பதைப் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

அதனால்தான் ‘இந்திய முதலாளிதானே, அந்நியன் இல்லையே’ என்ற வாதம் நம்மிடம் செல்லாது. ஒரு கார்ப்பரேட் குழுமத்தின் மீது கேள்வி எழுந்தால் அதைத் தேசத்தின் மீதான தாக்குதல் என்று சித்திரிக்கிறார்கள். மூவண்ணக் கொடியைப் போர்த்திக்கொண்டால் மூலதனத்தின் குணம் மாறிவிடாது.

விழிஞ்ஞத்தில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

துறைமுகமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விழிஞ்ஞத்தின் இயற்கையான ஆழமும், சர்வதேசக் கப்பல் பாதைக்கு அது அருகிலிருப்பதும் நாட்டின் சொத்து. அந்தச் சொத்து யாருக்குப் பயன்படுகிறது என்பதே சண்டை. இன்றைய கேரள மக்களாட்சி அன்றைய சமஸ்தானமும் அன்று. இன்றைய ஒப்பந்தத்தின் பின்னால் பீரங்கி இல்லை. இந்த வேறுபாட்டை மறைத்து ஒப்பிட்டால் அது வெறும் கூச்சலாகிவிடும். ஆனால், வெல்லெஸ்லியின் ஒப்பந்தங்களைப் படிக்கக் கற்ற கண், எந்த ஒப்பந்தத்தையும் மூன்று கேள்விகளோடு படிக்கும்.

முதல் கேள்வி: செலவு யாருடையது, காலம் எவ்வளவு? 2015 ஆகஸ்டு 17 அன்று காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணி அரசு அதானி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. மாநிலத்தின் பொதுப்பணம் ஐயாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் போகும் திட்டம் இது. துறைமுகத்தை நடத்தும் உரிமை 40 ஆண்டுகள் தனியாருக்கு. வழக்கமான காலம் 30 ஆண்டுகள் என்றும், கூடுதல் பத்தாண்டுகளால் மட்டும் நிறுவனத்துக்கு 29,217 கோடி ரூபாய் கூடுதல் வருவாய் கிடைக்கும் என்றும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2017-இல் சுட்டிக்காட்டினார். மாநிலத்துக்கான வருவாய்ப் பங்கோ 2034-இல்தான் தொடங்குகிறது. கையூட்டு நடந்ததா என்பதல்ல இங்கே கேள்வி. எவரும் ஒரு ரூபாய் கையூட்டு வாங்காமலேயே ஒப்பந்தம் ஒரு பக்கமாகச் சாயலாம்.

இரண்டாவது கேள்வி: உதவி என்று வருவது உதவிதானா? ஒன்றிய அரசு தரும் நம்பகத்தன்மை இடைவெளி நிதி 817.80 கோடி ரூபாய். மானியமாக இருக்க வேண்டிய இந்தப் பணத்தை, மாநிலம் தன் வருவாயிலிருந்து திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். இறுதியில் அது பத்தாயிரம் முதல் பன்னிரண்டாயிரம் கோடி ரூபாய் வரை போகும் என்று கேரள அரசு எதிர்த்தது. தூத்துக்குடி வெளித் துறைமுகத்துக்கு இல்லாத நிபந்தனை எங்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்டது. பதில் வரவில்லை. 2025 ஏப்ரலில் மாநிலம் அந்த நிபந்தனையோடு கையெழுத்திட வேண்டியதாயிற்று. தனியாருக்குச் சேரும் நிதியை மாநிலம் அடைக்க வேண்டும்! காவலின் பெயரால் வந்த படைக்கு எட்டு லட்சம் கட்டிய திருவிதாங்கூர் நினைவுக்கு வரவில்லையா?

மூன்றாவது கேள்வி, ஒப்பந்தத்தில் கையெழுத்தே இல்லாதவர்களைப் பற்றியது. 1805-இல் மன்னரும் கம்பெனியும் கையெழுத்திட்டார்கள். எட்டு லட்சத்தை உழைத்துக் கொடுத்த உழவரிடமும் மீனவரிடமும் எவரும் கேட்கவில்லை. இன்று விழிஞ்ஞத்தின் மீனவர்கள் கரை அரிப்பையும் வீடிழப்பையும் சொல்லி 2022-இல் மாதக்கணக்கில் போராடினார்கள். எல்லைக்கு இப்பால் கன்னியாகுமரி மாவட்டத்தின் மலைகள் உடைக்கப்பட்டு, பாறைகள் லாரி லாரியாக அந்தக் கடலுக்குப் போகின்றன. சாலையோர கிராமங்கள் தூசியில் மூச்சுத் திணறுகின்றன. இந்தக் கேள்வி நம்மை நோக்கியும் திரும்புகிறது. கடலோர மக்களின் போராட்டத்தில் மதவாதிகளும் சுயநலமிகளும் புகுந்திருக்கலாம். அதைக் காரணம் காட்டி, தன் வீடு கடலுக்குள் போன ஒரு மீனவப் பெண்ணின் குரலையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தவர்கள் நம் வரிசையிலும் உண்டு. அவர்களிடம் முதலில் போய் அமர்ந்து பேச வேண்டியவர்கள் நாமாக இருந்திருக்க வேண்டும்.

சொல்லை நம் கையில் எடுப்போம்

வெல்லெஸ்லி 1842-இல் இறந்தார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் கம்பெனியின் இயக்குநர்கள் அவருக்கு இருபதாயிரம் பவுண்டு பரிசளித்தார்கள். செலவைக் கண்டு அலறியவர்கள், லாபத்தைக் கண்டு மன்னித்தார்கள். மார்க்ஸ் பின்னாளில் அயர்லாந்தைப் பற்றி எழுதியபோது, பிற மக்களை அடிமைப்படுத்தும் நாட்டின் தொழிலாளி வர்க்கம் தானும் விடுதலை பெற முடியாது என்பதை வலியுறுத்தினார். ஐரிஷ் விவசாயியும் சிவகங்கை உழவரும் விழிஞ்ஞத்து மீனவரும்தான் உண்மையான கூட்டாளிகள். அவர்களை ஒன்று சேரவிடாமல் தடுப்பதே ஆளும் வர்க்கங்களின் வேலை. ஒன்று சேர்ப்பது நம் வேலை.

ஆகவே, அந்தச் சொல்லுக்காகப் பிரதமரிடம் நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். மாநில அரசு நடத்த வேண்டிய கட்டாயத்தில், நவதாராளமயக் கொள்கை போட்ட வேலிக்குள், முன்னவர்கள் எழுதிவைத்த ஒப்பந்தத்தைச் சுமக்க நேரலாம். சுமையைச் சுமை என்று சொல்லும் துணிவு வேண்டும். ஒப்பந்தக்காரரை ஒப்பந்தக்காரர் என்றே அழைப்போம். ‘கூட்டாளி’ என்ற சொல்லைக் கரையில் வலை இழுப்பவருக்கும், சரக்குப் பெட்டிகளுக்கிடையே வேலை செய்யும் துறைமுகத் தொழிலாளிக்கும், மலை உடைபடும் ஊரில் வாழ்பவருக்கும் உரியதாக வைத்துக்கொள்வோம்.